திருகோணமலை: பேரரசுகள் போட்டியிட்ட துறைமுகம்

நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், கரும்பலகையில் இலங்கைப் படத்தை வரையும்போது கிழக்குக் கரையில் ஒரு சிறு நெளிவை இட்டு, அதன் அருகே திருகோணமலை என்று எழுதுவோம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் அதுவும் ஒன்று என மாணவர் மனனம் செய்வர். பரீட்சையில் அதற்குப் புள்ளியும் கிடைக்கும். ஏன் சிறந்தது, யாருக்குச் சிறந்தது என்ற வினாக்கள் வகுப்பறையில் எழுந்ததில்லை. புலம்பெயர்ந்த மண்ணில் வளரும் நம் பிள்ளைகளோ, செய்திகளில் அப்பெயரைக் காணும்போதெல்லாம் அவ்வினாக்களையே கேட்கின்றனர். அவர்களுக்கு விடை கூறும் கடமை நமக்கு உண்டு.

முதல் விடை காற்றில் இருக்கின்றது. நாகபட்டினம் தொடக்கம் சென்னை வரையான சோழமண்டலக் கரை திறந்த கரையாகும். வாடைக்காற்று வீசத் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அங்கு நங்கூரமிட்ட பாய்க்கப்பல்கள் புயலில் சிக்கி அழிந்தன. ஆகவே, ஆங்கிலேயக் கடற்படை ஆண்டுதோறும் அக்கரையை விட்டு நீங்கி, பழுதுபார்ப்பதற்காகப் பம்பாய்க்குச் செல்ல நேர்ந்தது. மீண்டு வரும்வரை சென்னை காவலின்றிக் கிடந்தது. திருகோணமலையின் உட்துறையோ குன்றுகளால் சூழப்பட்டது, ஆழமானது, வாடையிலும் சோளகத்திலும் கப்பல்களுக்குப் புகலளிப்பது. வங்காள விரிகுடாவை ஆள நினைத்தவனுக்கு இத்துறை இன்றியமையாததாயிற்று.

ஆயினும், ஐரோப்பியர் வந்துதான் இத்துறை புகழ்பெற்றது என எண்ணுதல் தவறு. மகாவம்சம் கோகர்ணம் எனக் குறிப்பிடும் துறை இதுவே என்பர். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணேசர் மீது பதிகம் பாடினார். 11ஆம் நூற்றாண்டில் சோழராட்சி இப்பிரதேசத்தில் நிலைகொண்டமைக்குக் கந்தளாய்க் கல்வெட்டுகள் சான்று பகர்கின்றன. அதே காலத்தில் பெரியகுளத்துப் பௌத்த விகாரை இராசராசப்பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றுத் தமிழ் மக்களின் கொடைகளால் பேணப்பட்டது. ஐந்நூற்றுவர் முதலிய வணிக கணங்களின் கல்வெட்டுகள் பதவியாவில் கிடைத்துள்ளன. அக்காலத்திலும் படைகள் வந்தன, போர்கள் நிகழ்ந்தன. எனினும், ஒரு காற்றில் வந்து மறு காற்றில் மீண்ட வணிகர், துறையைப் பிறருக்கு அடைத்துவைக்க முற்படவில்லை.

அடைத்துவைக்கும் அரசியல் 17ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. மறு ஆண்டிலே, கண்டி மன்னன் செனரதனின் இணக்கத்துடன் டென்மார்க்குத் தேசத்துக் கப்பல்கள் திருகோணமலைக்கு வந்தன. அவர்களால் இங்கு நிலைகொள்ள இயலவில்லை. தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுத் தரங்கம்பாடியில் குடியேறினர். ஆனால், அவர்களுடைய வருகை போர்த்துக்கேயரை விழிப்படையச் செய்தது. தளபதி கொன்சுதந்தீனு டி சாவின் காலத்தில் கோணேசர் ஆலயம் இடிக்கப்பட்டு, அதன் கற்களைக் கொண்டு 1624ஆம் ஆண்டளவில் கோட்டை எழுப்பப்பட்டது. இவ்வழிவிற்கு மதவெறி ஒரு காரணம். மற்றோர் ஐரோப்பியன் இத்துறையைப் பிடித்துவிடுவான் என்ற அச்சம் மறு காரணம். இரண்டையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

அக்கோட்டை நீண்ட காலம் அவர்களுக்கு உதவவில்லை. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுடன் கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் 1639இல் அதனைக் கைப்பற்றினர். 1660இல் மூதூர்ப் பக்கத்தில் கரையிறங்கிய ஆங்கிலேய மாலுமிகள் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். அவர்களுள் ஒருவரான றொபேட் நொக்சு பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பிச் சென்று, 1681இல் வெளியிட்ட நூல் இத்தீவை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தது. 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை வந்து கொட்டியாரக்குடாவில் காலூன்ற முயன்று, ஒல்லாந்தரால் விரட்டப்பட்டது.

போட்டியின் உச்சம் 1782ஆம் ஆண்டு. தை மாதத்தில் ஆங்கிலேயத் தளபதி எட்வேட் கியூசு ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பறித்தார். ஆவணி மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3ஆம் நாள் இரு கடற்படைகளும் துறைக்கு வெளியே பொருதின. பின்னர் ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட, துறை மீண்டும் ஒல்லாந்தரிடம் சென்றது. பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் ஒல்லாந்தைக் கைப்பற்றியதும், 1795 ஓகத்து மாதத்தில் பிரித்தானியர் திருகோணமலையைக் கைக்கொண்டனர். 1802இல் அமியன் உடன்படிக்கை அதனை உறுதிசெய்தது. பிரான்சு நாட்டின் ஒரு நகரில் கையொப்பமிடப்பட்ட அவ்வோலையில், இத்தீவின் மக்கள் எவரும் கைந்நாட்டு வைக்கவில்லை.

பிரித்தானியர் இத்துறையைப் போருக்கெனவே பேணினர். 1875இல் கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டபின், இயற்கை வளம் குறைந்த அத்துறையே வணிகத் தலைமையைப் பெற்றது. கோப்பியும் தேயிலையும் அவ்வழியே சென்றன. திருகோணமலைக்குக் கிடைத்தவை பீரங்கிகளும் எண்ணெய்க் குதங்களுமே. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் கேர்மிசு என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. நாடு 1948இல் சுதந்திரமடைந்த பின்னரும் கடற்படைத்தளம் பிரித்தானியரிடமே இருந்தது. 1957 ஒக்டோபரிலேயே அது இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது.

கொடி மாறியது; வழக்கம் மாறவில்லை. 1987 யூலை 29இல் இந்திய - இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்திய நலனுக்கு ஊறாக இத்துறையை எந்நாட்டின் இராணுவத் தேவைக்கும் வழங்குவதில்லை என உறுதியளிக்கப்பட்டது. எண்ணெய்க் குதங்களைப் பற்றியும் அதில் பேசப்பட்டது. அதே குதங்களைப் பற்றி 2022 சனவரியில் மீண்டும் உடன்பாடு காணப்பட்டது. எஞ்சியிருந்த 99 குதங்கள் இரு நாட்டு நிறுவனங்களுக்கிடையே பங்கிடப்பட்டன. இதற்கிடையில், 2006இல் போரினால் சம்பூரை விட்டு ஓடிய மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பப் பல ஆண்டுகள் காத்திருந்தனர். அவர்களுடைய கிராமமும் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தமையே அக்காத்திருப்புக்கு ஒரு காரணமாயிற்று.

ஆக, நம் பிள்ளைகளுக்கு நாம் கூறக்கூடிய விடை இதுவே. துறையின் ஆழத்தை நாலைந்து பேரரசுகள் நூல்விட்டு அளந்தன. கரையில் வலை வீசியவனையும் வயல் உழுதவனையும் கேட்டு எவரும் உடன்படிக்கை எழுதவில்லை. அத்துறைமுகம் யாருக்குப் பயன்படும் என்பதைப் பற்றிய அடுத்த பேச்சு எங்கோ ஒரு தலைநகரில் நடக்கும்போது, அக்கரையின் மக்களுக்கும் அங்கு ஓர் இருக்கை வேண்டும் என்று கேட்கத் தெரிந்த தலைமுறையாக அவர்கள் வளரவேண்டும். அதற்கு முதலில் இவ்வரலாற்றை வீட்டில் சொல்லிக்கொடுப்போம். பரீட்சைப் புள்ளிக்காக அன்று நாம் சொல்லாமல் விட்டதை இன்றேனும் சொல்வோம்.