ஓடுகிற பட்டியும் எங்கட கையும்

ஊர் நெல்லு மில்லில் பட்டி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். தொய்ந்தால் வழுக்கிச் சூடேறும். கூட இறுக்கினால் பெயரிங் தேயும். மில்லை நிப்பாட்டி, பெருவிரலால் அழுத்தித்தான் அளவு பார்க்கவேண்டும்.

ரொறன்ரோவிலும் ஒருகாலத்தில் நீராவி எஞ்சினின் சக்தியைத் தோல்பட்டிகளே தொழிற்சாலை முழுக்கக் கொண்டுபோயின. ஓடும் பட்டி கையைக் கவ்வினால் விடாது. ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்புப் போடச்சொல்லி ஒன்ராறியோ சட்டம் நிறைவேற்றியது 1884இல். 1979இல் நடைமுறைக்கு வந்த தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தில், ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையும் இருக்கிறது.

உணவகக் கூரையில் புகை இழுக்கும் விசிறி பலதும் இன்றைக்கும் பட்டியில்தான் ஓடுகிறது. "நிப்பாட்டாமல் இறுக்கு" என்றால் மறுக்கலாம். மறுத்ததற்காக வேலையால் நிறுத்தவும் சட்டம் விடாது. புதிதாக வந்த எங்கட பெடியளுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.