ரிவர்ஸ்டனின் ஏலக்காடு

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறுகிறவர்கள் காற்றிலும் மூடுபனியிலும் நின்றுவிட்டு, பிட்டவல பத்தனையில் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். நான் என் பிள்ளைகளுக்குக் காட்டுவது மரங்களின் அடியில் இருப்பதை.

மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்தவர்கள் என் முன்னோர். காய்ச்சலில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். கோப்பிக்காகத்தான் வந்தார்கள். 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் அந்தக் கோப்பியை அழித்தது. பிறகு தேயிலை, ரிவர்ஸ்டன் இருக்கும் நக்கிள்ஸ் மலையின் ஈரக்காட்டுக்குள்ளோ ஏலம்.

ஏலத்துக்கு நிழல் வேண்டும். அதனால் பெரிய மரங்களை விட்டுவிட்டு அடிக்காட்டை மட்டும் வெட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காடு காடாகவே தெரியும். உள்ளே இளமரங்கள் இரா. காய் தண்டின் அடியில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். அட்டைக்கடியோடு குனிந்தே பறிக்க வேண்டும். பறித்ததை உலர்த்தவும் காட்டு விறகுதான் எரிந்தது. அந்த உழைப்பையும் இந்த இழப்பையும் சேர்த்தே சொல்லாமல் இம்மலையின் கதையை என்னால் சொல்ல முடியாது.

2000இல் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இக்காட்டில் ஏலப் பயிர்ச்செய்கையைத் தடுத்தது சரியென்றே நம்புகிறேன். ஏலத்தை நம்பிப் பிழைத்த மலையடிவாரக் குடும்பங்களுக்கு மாற்று வழி காட்டியிருக்க வேண்டும் என்பதையும் அதே உறுதியோடு சொல்வேன்.