தொப்பியும் பேஸ் பாக்ஸும்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் திருக்கோகர்ணம் வீட்டுக்கு வந்தார். ஒலிப் பாடம் நடத்தும்போதெல்லாம் தூங்கியவர், இப்போது சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார்! "சார், பசங்க பேஸ் பத்தலைங்கிறாங்க. பெரியவங்க பாட்டே புரியலைங்கிறாங்க. பின்னாடித் தெருவுல படுக்கையில கிடக்கிற ஒரு அம்மா வீட்டுலேருந்து வந்து சண்டை போடுறாங்க. நான் யாரு சொல்றதைக் கேக்குறது?" என்றார்.

நம்ம புதுக்கோட்டைக்கு இந்தக் கேள்வி புதிதில்லையப்பா என்றேன். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை நம் ஊர்க்காரர். உடும்புத் தோலின் உள்பக்கம் தண்ணீர் தடவித் தடவித்தான் அந்தச் சின்ன வளையத்தில் கனமான நாதத்தை இறக்குவார்கள். மிருதங்கத்தில் அந்த வேலை தொப்பிக்கு. ரவையைப் பிசைந்து இடப்பக்கம் அப்புவார்கள். அதிகமானால் சத்தம் மந்தம், குறைந்தால் வெறும் தோல் சத்தம். வலந்தலையையும் சேர்த்துத் தட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இந்த வழியில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908-1962) தொப்பிக்கே பேர்போனவர். அவர் கும்கி பாட்டுக்கு அடியில் ஓடும், பாட்டை மூடாது.

அப்புறம் வந்தது குழாய் ஸ்பீக்கர். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அந்தச் சின்னக் கூம்பு அதை எங்கே போய் எழுப்பும்? பேச்சுக்கு அது போதும், தொப்பிக்குப் போதாது. கல்யாண வீட்டுக் குழாயில் சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்த என் தலைமுறைக்குத் தபேலாவின் இடது பக்கம் பாதி தெரியாது.

சினிமாதான் அதைத் திருப்பிக் கொடுத்தது. 1974-இல் 'எர்த்குவேக்' என்ற அமெரிக்கப் படத்துக்காகத் தியேட்டர்களில் தனியாகப் பெரிய பேஸ் ஸ்பீக்கர்கள் வைத்தார்கள். தமிழில் 1986-இல் 'மாவீரன்' 70 எம்.எம்.மில் ஆறு டிராக் ஒலியோடு வந்தது, 1995-இல் 'குருதிப்புனல்' டால்பியில் வந்தது. தியேட்டரில் நெஞ்சு அதிர்ந்தவர்கள் திருவிழாவிலும் அதையே கேட்டார்கள். கூம்புக்குக் கட்டுப்பாடும் வரவே, டாப் ஒன்று, பேஸ் பாக்ஸ் ஒன்று என்று பெட்டிகள் அடுக்கப்பட்டன.

தவறு நடப்பது இங்கேதான். மெதுவாக வைத்தால் நம் காதுக்குப் பேஸ் குறைவாகத்தான் கேட்கும். 1933-இல் பிளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைபடமே போட்டார்கள். மதியம் மெல்லிய சத்தத்தில் சரிபார்த்துவிட்டு ராத்திரி வால்யூமை ஏற்றினால், பாட்டைவிடப் பேஸ் வேகமாக ஏறும். பக்கத்தில் இன்னொரு பேஸ் பாக்ஸ் வைத்தால் இன்னும் 6 டெசிபல் வரை கூடும்.

மீட்டரை நம்பியும் பயனில்லை. 2000-ஆம் ஆண்டு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆனால் அதை அளக்கும் 'ஏ' அளவுகோல் 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்தே கணக்கில் எடுக்கும். ஜன்னல் கண்ணாடி நடுங்கும், மீட்டர் சும்மா இருக்கும்.

மாலை நானும் அவரோடு பந்தலுக்குப் போனேன். (வீட்டில் திட்டு விழுந்தது, அது தனிக் கதை.) முதலில் பேஸை முழுதும் அணைக்கச் சொன்னேன். கடைசி வரிசையில் வார்த்தை புரியும்வரை டாப்பை மட்டும் ஏற்றினோம். பிறகு ராத்திரி ஓடப்போகும் அதே சத்தத்தில், கூட்டம் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு பேஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தோம். 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரே பள்ளம். பேஸ் பாக்ஸின் போலாரிட்டி சுவிட்சை மாற்றினார், பள்ளம் நிரம்பியது. இத்தனை நாளும் டாப்பும் பேஸும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருக்க, அது தெரியாமல் வால்யூமை ஏற்றியிருக்கிறார்!

கடைசியாக அந்த அம்மா வீட்டு வாசலுக்கு நடந்தோம். பாட்டில் ஒரு வார்த்தைகூட அங்கே வரவில்லை. டம், டம் மட்டும் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய் இன்னும் 3 டெசிபல் குறைத்தார்.

பசங்க இன்னும் பேஸ் பத்தலைன்னுதான் சொல்றாங்களாம்.