ஊர் கட்டிய பள்ளிக்கூடங்கள்

யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. ஆனால் அக்கல்லூரிகளுக்கு வருமுன் எம்மில் பலர் ஏடு தொடக்கிய பின் போய்ச்சேர்ந்த ஊர்ப்பள்ளிகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அவற்றுக்கும் ஓர் இடம் இருக்கவேண்டும்.

1816 இல் வந்த அமெரிக்க மிஷனார் கிராமந்தோறும் பள்ளிகளைத் திறந்தனர். 1824 இல் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையும் தொடங்கினர். 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதன் பின்னர்தான், தம் ஊரில் தாமே ஒரு பள்ளி நடத்தலாம் என்ற துணிவு சைவக் கிராமங்களிலும் பரவியது.

அது இலேசான காரியமன்று. அரசாங்க உதவி நன்கொடை வேண்டுமானால் கட்டடமும் ஆசிரியரும் போதிய பிள்ளைகளும் முதலில் இருக்கவேண்டும். அதுவரை செலவு ஊரவருடையது. ஒருவர் காணி கொடுப்பார், இன்னொருவர் பனைமரம் தறித்துக் கொடுப்பார், பெண்கள் கிடுகு பின்னுவார்கள். கொட்டில் எழும்பிவிடும். சட்டம்பியாரின் சம்பளத்துக்கு உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துவைத்த வீடுகளும் உண்டு. காணி கொடுத்தவரின் பெயர் கல்லில் இருக்கிறது. பிடியரிசி கொடுத்தவளின் பெயர் எங்கும் இல்லை. வித்தியாதரிசி வரும் நாளில் வரவு இடாப்பு நிறைந்திருக்கவேண்டும் என்பதற்காக, தோட்டத்தில் நின்ற பிள்ளையைத் தேடிப்பிடித்து அனுப்புவதும் ஊரின் வேலையாக இருந்தது.

தனித்தனி ஊர்களின் இந்த முயற்சிகளுக்கு 1923 இல் தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கம் பெரும் பலமாயிற்று. மக்கள் அதை இந்து போர்ட் என்றே அழைத்தனர். வழக்கறிஞர் சு. இராசரத்தினம் அதற்காகவே உழைத்து 'இந்து போர்ட் இராசரத்தினம்' ஆனார். தளர்ந்துபோன கிராமப் பள்ளிகளைச் சங்கம் பொறுப்பேற்றது, புதியனவற்றையும் திறந்தது. பயிற்றப்பட்ட ஆசிரியர் இல்லாமல் கட்டடத்தால் பயனில்லை என்பதை உணர்ந்து, ஆசிரியர் பயிற்சிக்கும் வழிசெய்தது. தரம் பற்றி இன்று பேசுவோர் கவனிக்கவேண்டிய இடம் இது.

பெண்பிள்ளைகளுக்கு வேறெதையும்விடத் தூரமே பெரிய தடையாக இருந்தது. ஒழுங்கை முடிவில் பள்ளி இருந்ததாலேயே ஐந்தாம் வகுப்பைக் கண்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களிற் சிலர் பின்னர் அதே பள்ளிக்கு ஆசிரியையாகத் திரும்பியபோது, பெண்பிள்ளையை மேலே படிக்கவைக்கத் தயங்கிய தாய்மாருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஆனால் 'ஊர்' என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம்? ஊர் கட்டிய பள்ளியின் வாசலிலேயே ஊரின் ஒரு பகுதிப் பிள்ளைகள் மறிக்கப்பட்டார்கள். உள்ளே விடப்பட்ட இடங்களிலும் வாங்கு மற்றவர்களுக்கு, நிலம் அவர்களுக்கு. கரவெட்டியில் கா. சூரன் 1914 இல் தேவரையாளிச் சைவ வித்தியாசாலையைத் தொடங்கியது இந்த மறிப்புக்குக் கொடுத்த பதிலே. ஒடுக்கப்பட்ட மக்கள் தம் கையால் எழுப்பிய அப்பள்ளி பின்னாளில் தேவரையாளி இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. எழுத்தாளர் தெணியான் அங்கே நீண்டகாலம் ஆசிரியராக இருந்தவர். 1920களின் முடிவில் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் என்ற கட்டளை வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது; பள்ளிகள் சில எரிக்கவும் பட்டன. யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. எம் ஊர்களின் கொடையைப் புகழ்ந்து எழுதும் மலர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன.

1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. சம்பளம் நிச்சயமாயிற்று, மறிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வாசலும் பெருமளவு திறந்தது. அதனால் கையேற்றதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். எனினும் ஓடு உடைந்தால் ஊரே ஏறி மாற்றிய பழக்கம் குறைந்து, திணைக்களத்துக்குக் கடிதம் எழுதும் பழக்கம் வந்தது.

அப்பழக்கம் முற்றாக அற்றுப்போகவில்லை என்பதை 1995 இடப்பெயர்வு காட்டியது. வலிகாமத்துப் பள்ளிகள் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் இரவற் கட்டடங்களிலும் மரநிழலிலும் நடந்தன. வன்னியில் தொண்டர் ஆசிரியர்கள் நிரந்தர நியமனமின்றி ஆண்டுக்கணக்காகக் கற்பித்தார்கள்.

இன்று பிள்ளைகள் குறைந்து மூடப்படும் நிலையில் உள்ள சிறிய பள்ளிகளுக்குப் புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் பணம் அனுப்புகிறார்கள். வளைவும் மதிலும் எழும்புகின்றன. கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இல்லை. அடுத்த முறை ஊருக்கு வரும் தோழியர், தாம் முதலில் படித்த பள்ளிக்குள் போய் அதிபரிடம் இடாப்பைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பெயர் இருக்கிறது, எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.