உத்தியோக ஓய்வு வயதும் ஆந்திர நாட்டு வழக்கும்

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களுட் பல சர்க்கார் உத்தியோகத்தையும் அதன்பின் வரும் உபகாரச் சம்பளத்தையும் நம்பி ஜீவிப்பன. ஆதலின், ஓய்வு வயதை உயர்த்துவதா குறைப்பதா என்னும் விவாதம் எழும்போதெல்லாம் தந்தையர் ஒரு பக்கமும், வேலைக்குக் காத்திருக்கும் மைந்தர் மறு பக்கமுமாக நிற்கக் காண்கின்றோம். நம் அண்டை நாடாகிய ஆந்திரத்தில் இவ்விவாதம் நடந்தேறிய விதத்தை நம் அன்பர்கள் அறிதல் நலம்.

அந்நாட்டில் 55 ஆக இருந்த ஓய்வு வயது 1979-ஆம் ஆண்டு அக்டோபரில் 58 ஆக உயர்ந்தது. 1983 ஜனவரி 9-ஆம் தேதி என். டி. ராமராவ் முதன்மந்திரியானார். பிப்ரவரி 8-ஆம் தேதி வெளியான உத்தரவு அதனை மீண்டும் 55 ஆக்கிற்று. அவ்வயதைக் கடந்தோர் யாவரும் அம்மாதம் 28-ஆம் தேதியோடு விலகவேண்டும். இருபது நாள் தவணை! குடிக்கூலிக்கு இருப்பவனைக் காலி செய்யச் சொல்வோரும் இதனினும் அதிகத் தவணை கொடுப்பர். சர்க்கார் உத்தியோகஸ்தர் 18,000-க்கு மேற்பட்டோரும், சர்க்கார் சார்புள்ள ஸ்தாபனங்களில் 10,000 பேர்வரையும் இங்ஙனம் வெளியேறினர்.

படித்து வேலையின்றி நிற்கும் இளைஞர்க்கு இடம் வேண்டும் என்பது சர்க்கார் கூறிய நியாயம். மூன்றாண்டுச் சம்பளத்தை எண்ணி மகள் விவாகத்தை நிச்சயித்தோரும், வீடு கட்டக் கடன் பட்டோரும் யாது செய்வர் என்பது மற்றவர் கேள்வி. இரண்டும் நியாயமே. ஆயினும், காலியான இடமெல்லாம் நிரப்பப்படும் என்பதற்கு உறுதி யாதுமில்லை. நிரப்பினாலோ, விலகியவர்க்கு உபகாரச் சம்பளமும் புதியவர்க்குச் சம்பளமுமாகப் பொக்கிஷம் இரட்டைச் சுமை சுமக்கும். நம் மனத்தை உறுத்துவது 55 என்னும் எண்ணன்று. அந்த இருபது நாளேயாம்.

வழக்குச் சுப்ரீம் கோர்ட்டை அடைந்தது. அது முடியுமுன்னரே, 1984 ஆகஸ்டில் ராமராவ் பதவி நீக்கப்பெற, ஒரு மாதமே ஆண்ட நாதெண்ட்ல பாஸ்கரராவ் ஆட்சியில், 23-ஆம் தேதி, அவசரச் சட்டத்தால் 58 திரும்பிற்று. மீண்டு வந்த ராமராவும் அதனை மாற்றவில்லை. 1985 ஜனவரி 18-ஆம் தேதி, பிரதம நீதிபதி சந்திரசூட் முதலானோர், 55 என்பது தகாத வயதன்று, இஃது ஆட்சியாளர் கொள்கையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்தனர். உயர்ந்த வயது நடைமுறையிலிருக்க, குறைத்தது செல்லும் என்று வந்த தீர்ப்பு இது!

இடையில் அகப்பட்டோர் கதி யாது? 1983 பிப்ரவரி 28 முதல் 1984 ஆகஸ்ட் 23 வரை வெளியேற்றப்பட்டோர்க்குப் புதிய சட்டம் பயன் தரவில்லை. அவர்கள் மீண்டும் வழக்காடினர். அவர்களைப் பிரித்து ஒதுக்கியது சமநீதியாகாதென 1985 ஆகஸ்டில் அதே கோர்ட்டுத் தீர்த்தது. 58 நிறையாதவர் வேலைக்குத் திரும்பலாயினர். நிறைந்தவர் இழந்த சம்பளத்திற்கு ஈடு பெறலாயினர். 1983 மார்ச்சில் 55 நிறைந்தவர்க்கு நாற்காலி மீண்டும் கிடைத்தது. அப்போதே 57 ஆனவர்க்குப் பணம் மட்டுமே.

ஆந்திரத்தில் அவ்வயது 2014-இல் 60 ஆகவும், 2022-இல் 62 ஆகவும் ஆயிற்று. பிரிந்துபோன தெலங்கானாவில் 2021-இல் 61 ஆயிற்று. நம் தமிழ்நாட்டில் 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தபோது, விலகவிருந்தோர்க்குச் சேரவேண்டிய பணிக்கொடையும் தள்ளிப்போயிற்று. அவர் இடத்தை நோக்கியிருந்த இளைஞரும் மேலும் ஈராண்டு காத்திருந்தனர்.