கல்கத்தாவின் ஜாதுகர்

சென்னையில் முந்திய தலைமுறையினர் எழும்பூர்ப் பொருட்காட்சிச்சாலையைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகக்காட்சிச்சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் வழங்கியதை நம்மிற் பலர் கேட்டிருப்போம். வங்காளியர் இவ்வகையில் நம்மினும் நயமுடையோர். தம் நகரத்துப் பொருட்காட்சிச்சாலைக்கு ‘ஜாதுகர்’, அதாவது மாயவீடு, என்று பெயரிட்டனர்.

அம்மாயவீட்டிற்கு வித்திட்டவர் ஒரு போர்க் கைதி. நதானியல் வாலிக் என்னும் டேனிஷ் மருத்துவர் சீராம்பூரில் பணியாற்றிய காலத்தில், 1808-இல் ஆங்கிலேயர் அவ்வூரைக் கைப்பற்றி அவரைச் சிறைப்பிடித்தனர். தாவர நூற்புலமையே அவரை விடுவித்தது. 1814-இல் அவர் ஆசியச் சங்கத்திற்குக் கடிதம் எழுதி, ஒரு காட்சிச்சாலை அமைக்குமாறு வேண்டினார். தம்மிடமிருந்த பொருள்களிற் சிலவற்றையும் தருவதாகக் கூறினார். சங்கம் இசைந்தது. பொருள்கள் பெருகப் பெருக இடம் போதாதாயிற்று. 1866-இல் சட்டம் பிறந்து, சௌரங்கி வீதியில் வால்டர் கிரான்வில் வகுத்த பெருமாளிகை எழுந்து, 1878-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

இன்று அங்குச் செல்வோர் முதலில் தேடுவது எகிப்தியப் பிணப்பேழையையே. அதைக் குறை கூறோம். நாமும் முதன்முறை அவ்வாறே ஓடினோம். ஆயினும் நெடுநேரம் நிற்க வேண்டிய இடம் பார்ஹுத் கூடமே.

மத்தியப் பிரதேசத்தின் சத்னாவுக்கு அருகிலுள்ளது பார்ஹுத். கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவில் அங்கிருந்த தூபியைச் சுற்றிச் செந்நிற மணற்கல்லால் வேலி அமைத்தனர். 1873-இல் அலெக்சாந்தர் கன்னிங்காம் அதைக் கண்டபொழுது, தூபியின் பெரும்பகுதி சுற்றூர் வீடுகளின் சுவர்களாகிவிட்டிருந்தது. எஞ்சிய தூண்களைக் கல்கத்தாவிற்கு அனுப்பினார். பிறந்த மண்ணிலிருந்து கற்களைப் பெயர்ப்பது முறையோ என்ற வினா அன்றே எழுந்தது. அவர் விட்டுவந்த கற்களையும் பின்னர் மக்கள் வீடு கட்ட எடுத்துச் சென்றனர் என்பதே அவர் தந்த விடை. அவ்விடை நமக்கு முழு நிறைவு தரவில்லை. தூபி நின்ற மேடு வெறுமையாயிற்று. வேலியோ நகரத்துக் கூரையின் கீழ் நிற்கின்றது. எனினும் பெயர்த்திராவிடில் இரண்டுமே இல்லாதொழிந்திருக்கும் என்பதை மறுத்தற்கில்லை.

அவ்வேலியில் புத்தருக்கு மனித உருவம் இல்லை. போதி மரமும் அறவாழியும் அடிச்சுவடுமே அவரைக் குறிக்கின்றன. சேதவனத்தை வாங்குதற்கு அனாதபிண்டிகர் நிலமெங்கும் காசு பரப்பும் காட்சியில், மாட்டுவண்டியையும் காசு அடுக்கும் ஏவலரையும் சிற்பி மறவாது செதுக்கியுள்ளான். காட்சிகள் பலவற்றின் அருகே பிராமி எழுத்தில் கதையின் பெயரும் உண்டு.

பொருள் ஈந்தோர் பெயர்களும் தூண்களில் உள்ளன. மன்னர் மட்டுமன்று; பிக்குகள், பிக்குணிகள், இல்லறப் பெண்டிர் எனப் பலர். அவர்களுள் ஒருத்தி தொலைவிலுள்ள விதிசை நகரத்தாள், ரேவதிமித்திரன் மனைவி சாபதேவி. முதற் தூண் தன் கொடை என்று கல்லில் எழுதுவித்த அவள், தன் ஊரின் பெயரையும் சேர்த்தே எழுதுவித்தாள்.