நச்சுவாயுவிலிருந்து மூலக்கலம் வரை

'ஸ்டெம் செல்' சிகிச்சை எண்டதும் புதுக் கலங்கள் உடம்புக்குள்ள போய் நோயோட சண்டை பிடிக்குமெண்டு கனபேர் நினைக்கிறம். மல்ட்டிபிள் மைலோமாவின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

மைலோமா என்புமச்சையில் வரும் புற்றுநோய். நோய் எதிர்ப்புக்கான பிளாஸ்மாக் கலங்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகி என்பை அரிக்கும். 1844இல் லண்டனில் இறந்த சாரா நியூபரி, மருத்துவம் விரிவாகப் பதிந்த முதல் நோயாளி. அவருடைய என்புகள் ஒவ்வொன்றாய் முறிந்தன. கிடைத்த மருந்தோ தோடம்பழத் தோல் ஊறவைத்த நீர், ருபார்ப் குளிசை, இரவில் அபின். அவ்வளவுதான்.

திருப்பம் போரிலிருந்து வந்தது. முதலாம் உலகப்போரில் கடுகு வாயு பட்டவர்களின் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருந்தன. அப்படியெண்டால் புற்றுக் கலங்களையும் அது அழிக்காதா? 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அந்த வாயுவின் உறவுப் பொருளொன்றை நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்கு ஏற்றிப் பார்த்தார்கள். போர்க்காலம் என்பதால் அது இரகசியமாகவே இருந்தது. அதே குடும்பத்தில் 1950களில் பிறந்ததுதான் மெல்பலான்.

1983இல் பிரித்தானிய வைத்தியர்கள் மெக்எல்வெய்னும் பவுல்ஸும் மெல்பலானை மிக அதிக அளவில் மைலோமா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். சிலரில் நோயின் அடையாளமே மறைந்தது. ஆனால் குருதியை உண்டாக்கும் மச்சையும் சேர்ந்து அழிந்தது. சின்னக் கிருமித்தொற்றுகூட உயிரை எடுக்கலாம்.

இங்கதான் மூலக்கலம் வருது. நோயாளியின் சொந்தக் குருதி மூலக்கலங்களை முன்பே எடுத்து உறையவைத்து, மருந்தைக் கொடுத்தபின் திருப்பி ஏற்றுவார்கள். அவை மச்சையில் குடியேறிக் குருதியை மீண்டும் உண்டாக்கும். புற்றைக் கொல்வது மருந்து. மூலக்கலம் ஆளைக் காப்பாற்றுகிறது.

பலன் உண்டா? பிரான்சில் 200 நோயாளிகளில் நடந்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகள் உயிர்வாழும் வாய்ப்பு வழமையான சிகிச்சையில் 12 வீதம், இந்த முறையில் 52 வீதம். ஆனாலும் பெரும்பாலானோருக்கு நோய் திரும்பி வரும். இது தருவது காலம், பூரண குணமல்ல.

இந்த வேறுபாடு எங்களுக்கு ஏன் முக்கியம்? 'எந்த நோய்க்கும் ஸ்டெம் செல்' எண்டு விளம்பரம் செய்து, ஆதாரமில்லாத சிகிச்சைகளை விற்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நோயாளி இருக்கிற வீட்டில் அந்தச் சொல்லை நம்பிக் காணியை, நகையை விற்கிறதுக்கு முதல் கேட்கவேண்டிய கேள்வி ஒண்டுதான்: இதில் மூலக்கலம் என்ன வேலை செய்யுது?